கோப்பு காணவில்லையா? நிரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

(காரைக்கால் பகுதி மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்புக் கணினி ஆய்வகத்தில் ஆண்டுதோறும் ஒரு குரலை நாம் எல்லோரும் கேட்கிறோம். "மிஸ், ஃபைல் இங்கதான் இருக்கு. ஆனா இல்லைன்னு சொல்லுது." திரையில் சிவப்பு எழுத்தில் 'ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்' என்று இருக்கும். பக்கத்திலேயே 'எர்ர்நோ 2' என்றும் இருக்கும். மாணவி சொல்வது உண்மை. கோப்பு கண்ணெதிரே கோப்புறையில் இருக்கிறது. கணினி சொல்வதும் உண்மை. இருவரும் உண்மை சொல்லும்போது இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது?

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் எப்போதும் ஏதோ ஒரு கோப்புறைக்குள் நின்றுகொண்டிருக்கிறது. அதை 'நடப்புப் பணி அடைவு' என்கிறோம். பாதை எதுவும் சொல்லாமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் தான் நிற்கும் இடத்தில் மட்டுமே தேடும். மாணவி பார்க்கும் கோப்புறை ஒன்று; நிரல் நிற்கும் கோப்புறை வேறொன்று. அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தை யார் தீர்மானிக்கிறார்கள், யார் மாற்ற முடியும், அந்த மாற்றம் யாரைப் பாதிக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் நம்மால் இதை வகுப்பில் தெளிவாகச் சொல்ல முடியும்.

நம் பகுதியில் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளும் உண்டு. இரண்டிலும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் இருக்கிறது. சிஎஸ்வி கோப்பு இருக்கிறது. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் 'சார்புப் பாதை, முழுப் பாதை' என்பது பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே இது பாடத்துக்கு வெளியே உள்ள சங்கதி அல்ல.

முகவரியும் நிற்கும் இடமும்

'கடற்கரைச் சாலைக்குப் போ' என்று ஒருவரிடம் சொல்கிறோம். அவர் காரைக்காலில் நின்றால் ஒரு சாலைக்குப் போவார். புதுச்சேரியில் நின்றால் வேறொரு சாலைக்குப் போவார். சொன்ன சொல் ஒன்றுதான். கேட்பவர் நிற்கும் இடம் மாறியதால் போய்ச்சேரும் இடமும் மாறிவிட்டது. சார்புப் பாதை என்பது இதுதான். முழுப் பாதை என்பது அஞ்சல் முகவரி மாதிரி. எங்கிருந்து படித்தாலும் ஒரே இடத்தைத்தான் காட்டும்.

இதைக் கற்பிக்க நம் காரைக்காலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். நிர்வாகத்தில் மட்டும் நாம் புதுச்சேரி. கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்:

/இந்தியா/புதுச்சேரி/காரைக்கால்/திருநள்ளாறு
/இந்தியா/தமிழ்நாடு/நாகப்பட்டினம்/நாகூர்

இப்போது கேளுங்கள்: "நீ காரைக்கால் என்ற அடைவில் நிற்கிறாய். நாகூருக்குச் சார்புப் பாதை என்ன?" தெற்கே வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர்தானே என்று பிள்ளைகள் சொல்வார்கள். பேருந்தில் போனால் அப்படித்தான். ஆனால் அடைவு மரத்தில் பக்கத்து ஊர் என்ற கணக்கு இல்லை. மேலே ஏறித்தான் கீழே இறங்க வேண்டும். இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே, அதாவது புதுச்சேரி. இன்னொரு முறை வைத்தால் இந்தியா. அங்கிருந்து தமிழ்நாடு, நாகப்பட்டினம், நாகூர். ஆக விடை: ../../தமிழ்நாடு/நாகப்பட்டினம்/நாகூர். அதே மாணவியைத் திருநள்ளாற்றில் நிற்க வைத்துக் கேட்டால் இன்னும் ஒரு இரண்டு புள்ளி கூடும். முழுப் பாதையோ எங்கே நின்றாலும் மாறாது.

அடுத்து, 'திருநள்ளாறு' என்று ஒரு பெயரை மட்டும் சொல்லுங்கள். காரைக்கால் அடைவில் நிற்பவருக்கு அது கிடைக்கும். நாகப்பட்டினம் அடைவில் நிற்பவருக்கு 'எர்ர்நோ 2' வரும். திருநள்ளாறு எங்கும் போய்விடவில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நிரல் நிற்கும் இடம் எங்கிருந்து வருகிறது?

நிரல் எந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் ஓடும்போதும் நிற்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. ஓடும் நிரலை 'பிராசஸ்' என்கிறோம். ஒரு பிராசஸ் பிறக்கும்போது, அதைத் தொடங்கிவைத்த பிராசஸ் நின்ற இடத்தையே மரபாகப் பெறுகிறது. தாய் நின்ற இடத்தில் பிள்ளை பிறக்கிறது.

இதனால் ஒரே நிரல் மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஐடில் எடிட்டரில் திறந்து எஃப்5 அழுத்தினால், ஐடில் முதலில் அந்த நிரல் சேமிக்கப்பட்ட கோப்புறைக்கு இடம் மாறிக்கொண்டுதான் நிரலை ஓட்டுகிறது. எனவே பக்கத்திலுள்ள சிஎஸ்வி கோப்பு உடனே கிடைக்கும். அதே நிரலைக் கட்டளைச் சாளரத்திலிருந்து ஓட்டினால், சாளரம் எந்தக் கோப்புறையில் நிற்கிறதோ அங்கேதான் தேடும். விஎஸ் கோட் எடிட்டரில் ஓட்டினால், வழக்கமான அமைப்பில், மாணவர் எந்தக் கோப்புறையைத் திறந்து வைத்திருக்கிறாரோ அங்கிருந்து தேடும். ஒரு வருடம் முழுவதும் ஐடிலில் பழகிய பிள்ளை, தேர்வன்று வேறு எடிட்டர் இருக்கும் கணினியில் உட்காரும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. கட்டளைச் சாளரத்திலிருந்து ஒரு பைத்தான் நிரலை ஓட்டும்போது 'இம்போர்ட்' செய்யப்படும் தொகுதியை, அந்த நிரல் இருக்கும் கோப்புறையில்தான் பைத்தான் முதலில் தேடும். 'ஓப்பன்' செய்யும் கோப்பையோ நடப்புப் பணி அடைவில் தேடும். ஆகவே பக்கத்திலிருக்கும் நிரல் கிடைக்கிறது, பக்கத்திலிருக்கும் தரவுக் கோப்பு கிடைக்கவில்லை என்று மாணவர் திகைப்பார். இரண்டும் வேறு வேறு விதிகள் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

இடம் மாற்றும் சிஸ்டம் கால்

ஒரு பிராசஸ் எங்கே நிற்கிறது என்ற குறிப்பு அந்த நிரலின் மாறிகளில் இல்லை. அதை இயக்க அமைப்பின் கெர்னல் வைத்திருக்கிறது. எனவே நிரல் தானாக அதைத் திருத்த முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பெயர்தான் சிஸ்டம் கால். யூனிக்ஸ், லினக்ஸ் அமைப்புகளில் 'சேஞ்ச் டைரக்டரி' என்பதைச் சுருக்கி 'சிஎச்டிர்' என்று அந்த அழைப்புக்குப் பெயர். நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள 'கெட்சிடபிள்யூடி'. விண்டோஸில் இதே வேலைக்கு 'செட்கரண்ட்டைரக்டரி' இருக்கிறது. பைத்தானில் 'ஓஎஸ்' தொகுதியில் சிஎச்டிர், கெட்சிடபிள்யூடி என்று அழைத்தால் அடியில் இவைதான் நடக்கின்றன.

சிஎச்டிர் வெற்றி பெற்றால் 0 தரும்; தோற்றால் -1 தந்து காரணத்தையும் ஓர் எண்ணாக விட்டுச்செல்லும். லினக்ஸில் 2 என்றால் அப்படிப் பெயருள்ள எதுவும் இல்லை. 20 என்றால் பெயர் இருக்கிறது, ஆனால் அது கோப்புறை இல்லை. 13 என்றால் கோப்புறை இருக்கிறது, உள்ளே போக அனுமதி இல்லை. இந்த மூன்றையும் ஆய்வகத்தில் வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டுங்கள். பிழைச் செய்தியைப் பயமில்லாமல் படிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கும்.

தோற்றால் நிரல் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சி மொழியில் எழுதுபவர்கள் திரும்பிவரும் மதிப்பைப் பார்க்காமல் விட்டால், இடம் மாறிவிட்டோம் என்று நம்பிப் பழைய இடத்திலேயே கோப்புகளை அழிக்கும் அபாயம் உண்டு. பைத்தானில் பிழை எழும்பி நிரல் நின்றுவிடும்; அது நல்லதுதான்.

பெல் ஆய்வகத்தில் நடந்த ஒரு சம்பவம்

இந்த மாற்றம் யாரைப் பாதிக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு யூனிக்ஸின் வரலாற்றிலேயே ஓர் அருமையான நிகழ்ச்சி இருக்கிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி, அதன் தொடக்க காலத்தைப் பற்றி 1979இல் எழுதிய கட்டுரையில் இதைச் சொல்கிறார்.

1969இல் கென் தாம்சனும் அவரும் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸின் முதல் வடிவத்தை அமைத்தார்கள். அப்போது பாதை என்பதே கிடையாது. கொடுக்கும் பெயர் எல்லாம் நிற்கும் இடத்தில்தான் தேடப்படும். எனவே இடம் மாற்றும் கட்டளை அன்றாடம் தேவைப்பட்டது. ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரே ஒரு பிராசஸ்தான். பிறகு, ஒரு பிராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும் 'ஃபோர்க்' வசதியைச் சேர்த்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது அசெம்பிளி மொழியில் வெறும் 27 வரிகள். எல்லோரும் மகிழ்ந்திருந்த வேளையில், இடம் மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை என்று தெரியவந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கட்டளை ஓடுகிறது, முடிகிறது, ஆனால் இடம் மட்டும் மாறவில்லை.

நிரல்வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. புதிய முறையில் ஷெல் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பிள்ளைப் பிராசஸை உண்டாக்குகிறது. அந்தப் பிள்ளை சரியாகவே இடம் மாறியது. மாறிய கையோடு முடிந்தும் போனது. தாயான ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. பிள்ளை ஊர் மாறினால் தாயின் முகவரி மாறுமா? கடைசியில், இடம் மாற்றும் கட்டளையை மட்டும் தனி நிரலாக ஓட்டாமல் ஷெல்லே தனக்குள் செய்துகொள்ளும்படி மாற்றினார்கள். இன்று லினக்ஸில் நாம் அடிக்கும் 'சிடி' கட்டளை ஷெல்லுக்குள்ளேயே இருப்பதன் காரணம் இதுதான்.

இதே சம்பவத்தை நம் வகுப்பில் மூன்று வரியில் நடத்திக்காட்டலாம். பைத்தானில் முதலில் கெட்சிடபிள்யூடி அழைத்து நிற்கும் இடத்தை அச்சிடுங்கள். பிறகு 'ஓஎஸ்.சிஸ்டம்' வழியாக 'சிடி ..' என்ற கட்டளையைக் கொடுங்கள். மறுபடி இடத்தை அச்சிடுங்கள். மாறியிருக்காது, ஏனென்றால் ஓஎஸ்.சிஸ்டம் ஒரு பிள்ளை ஷெல்லை உண்டாக்குகிறது, அதுதான் இடம் மாறி மறைகிறது. அடுத்து 'ஓஎஸ்.சிஎச்டிர்' கொடுத்து அச்சிடுங்கள். இப்போது மாறியிருக்கும். முதல் தடவை ஏன் மாறவில்லை என்று மாணவர்களிடமே கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பிராசஸ் என்றால் என்ன என்பதே விளங்கிவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் சி++ நிரலைப் பைத்தான் வழியாக மொழிபெயர்த்து ஓட்டும் பாடம் இருக்கிறது அல்லவா? அங்கேயும் ஓஎஸ்.சிஸ்டம்தான் 'ஜி++' நிரலைக் கூப்பிடுகிறது. அந்தப் பிள்ளை, தாய் நின்ற இடத்தை மரபாகப் பெற்றதால்தான் வெறும் பெயரைக் கொடுத்தாலே சி++ கோப்பு கிடைக்கிறது. பைத்தான் நிரலை வேறு கோப்புறையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஜி++ கோப்பைக் காணோம் என்று சொல்லும்.

பெயர் மாறினாலும் இடம் மாறாது

நிற்கும் இடத்தைக் கெர்னல் எப்படிக் குறித்துவைக்கிறது? பாதையின் எழுத்துகளாக அல்ல. அந்தக் கோப்புறையையே பிடித்துவைத்துக்கொள்கிறது. இதற்கும் நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. தரங்கம்பாடி முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. முகவரியில் மாவட்டத்தின் பெயர் மாறியது. தரங்கம்பாடியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து எங்கும் போகவில்லை. இப்போது 'நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்' என்று கேட்டால் புதிய முகவரியைச் சொல்வார். பழைய முகவரியை எழுதிவைத்துக்கொண்டு தேடுபவருக்கு மட்டும் கிடைக்காது.

லினக்ஸில் இதுவே நடக்கிறது. ஒரு பிராசஸ் நிற்கும் கோப்புறையின் பெயரை இன்னொருவர் மாற்றினாலும் அது அங்கேயே நிற்கும். கெட்சிடபிள்யூடி புதிய பாதையைத் தரும். பழைய முழுப் பாதையை நிரலுக்குள் எழுதிவைத்திருந்தால் அது தோற்கும். முழுப் பாதை எப்போதும் பாதுகாப்பு என்று சொல்லிக்கொடுத்துவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பென் டிரைவைக் கழற்றப் போகும்போது 'பிஸி' என்று லினக்ஸ் மறுப்பதும் பல நேரம் இதனால்தான். எந்தக் கோப்பும் திறந்திருக்காது. ஆனால் ஏதோ ஒரு முனையச் சாளரம் அந்த பென் டிரைவுக்குள் நின்றுகொண்டிருக்கும். அந்தச் சாளரத்தில் 'சிடி' என்று மட்டும் அடித்தால் அது வீட்டு அடைவுக்குப் போய்விடும், பிறகு கழற்றலாம். விண்டோஸில், ஏதாவது ஒரு நிரல் நிற்கும் கோப்புறையை அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாமல் போவதும் இதே காரணத்தால் வரும்.

விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் இன்னொரு பொறி. சி டிரைவில் நின்றுகொண்டு 'சிடி டி:\மார்க்ஸ்' என்று அடித்தால் சாளரம் சி டிரைவிலேயே நிற்கும். டிரைவும் சேர்ந்து மாற 'சிடி' என்பதற்குப் பிறகு '/டி' சேர்க்க வேண்டும்.

பிழையே காட்டாத பிழை

இதுவரை சொன்னது கோப்பைப் படிக்கும்போது வரும் சிக்கல். அது பரவாயில்லை, சிவப்பு எழுத்தில் சொல்லிவிடுகிறது. எழுதும்போது வருவதுதான் ஆபத்து. 'டபிள்யூ' முறையிலோ 'ஏ' முறையிலோ திறந்தால், கோப்பு இல்லாவிட்டால் பைத்தான் சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உண்டாக்கும். எங்கே? நிரல் நிற்கும் இடத்தில். திங்கட்கிழமை ஒரு கோப்புறையில் நின்று பத்துப் பதிவுகள் சேர்த்த மாணவர், புதன்கிழமை வேறொன்றில் நின்று ஐந்து சேர்த்தால், ஒரே பெயரில் இரண்டு அரைகுறைக் கோப்புகள் உருவாகும். 'நான் போட்டதெல்லாம் அழிஞ்சிடுச்சு' என்று வருவார். அழியவில்லை, இன்னொரு இடத்தில் இருக்கிறது. ஆனால் 'டபிள்யூ' முறையில் திறந்த இடத்தில் அதே பெயரில் இன்னொரு மாணவரின் கோப்பு இருந்தால், அது உண்மையிலேயே அழிந்துபோகும். ஒரே கணினியை இரண்டு மூன்று பிரிவுகள் பகிர்ந்துகொள்ளும் நம் ஆய்வகங்களில் இது நடக்கக்கூடியது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

முதலாவது, கோப்பைத் தொடும் எந்த நிரலுக்கும் முதல் வரியாக, நிற்கும் இடத்தை அச்சிடச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரி. ஆண்டு முழுவதும் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, தரவுக் கோப்பு நிரலின் பக்கத்திலேயே இருக்க வேண்டுமானால் அதை நிரலுக்கே சொல்லிவிடலாம். பைத்தானில் இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே 'ஃபைல்' என்று எழுதும் மாறி, ஓடும் நிரலின் இருப்பிடத்தைத் தரும். அதிலிருந்து கோப்புறையைப் பிரித்தெடுத்து, கோப்பின் பெயரோடு சேர்த்துப் பாதையை அமைத்தால் எந்த எடிட்டரில் ஓட்டினாலும் கிடைக்கும். கோப்புறையை பென் டிரைவில் வைத்து எடுத்துப்போனாலும் கிடைக்கும்.

மூன்றாவது, சிஎச்டிர் பயன்படுத்தினால் நிரலின் தொடக்கத்தில் ஒரே முறை பயன்படுத்தட்டும். நடுவில் இடம் மாறினால் அதற்குப் பிறகு வரும் எல்லாச் சார்புப் பாதைகளின் பொருளும் மாறிவிடும். ஒரு பிராசஸுக்குள் பல இழைகள் ஓடினால், ஒன்று இடம் மாற்றியதும் எல்லாமே சேர்ந்து மாறும். போய்த் திரும்பியே ஆகவேண்டும் என்றால், புறப்படும் முன் நிற்கும் கோப்புறையைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, 'எஃப்சிஎச்டிர்' என்ற அழைப்பால் திரும்புவது லினக்ஸில் நல்ல முறை. நடுவில் யாராவது பெயரை மாற்றியிருந்தாலும் சரியான இடத்துக்கே வந்துசேரும்.

நான்காவதாகச் சொல்வதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள். சிபிஎஸ்இ செய்முறைத் தேர்வின் 30 மதிப்பெண்ணில் பைத்தான் நிரலுக்கு மட்டும் 8. நம் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிக் கணினி தவிர வேறு கணினி இல்லை; பழகிய இருக்கையும் பழகிய எடிட்டரும் மாறினாலே தடுமாறுவார்கள். தேர்வுக்கு முன்பு ஒரு நாளாவது, ஒரே நிரலை ஐடில், கட்டளைச் சாளரம் என்று இரண்டு இடத்திலும் ஓட்டிப் பார்க்க வையுங்கள். தேர்வன்று 'எர்ர்நோ 2' வந்தால், நிரல் தப்பு என்று முடிவு செய்யும் முன் நடப்புப் பணி அடைவைப் பாருங்கள். தர்க்கம் சரியாக இருந்து, இடம் மட்டும் பிசகியிருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கோப்புக் கையாளுதல் தெரிகிறது என்றுதான் பொருள். அதற்குரிய மதிப்பெண் அவருக்குக் கிடைக்க வேண்டும். புறத்தேர்வாளரிடமும் இதை எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.